கழுத்துக்கு கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ: உள்ள போறதுக்கு முன்னாடி

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

வழக்கமா இங்க சர்வர், டேட்டாபேஸ், போன் பேட்டரினு பேசிட்டிருப்போம். இந்த வாரம் ஒரே ஒரு மெஷின். அதுக்குள்ள நான் முக்கால் மணி நேரம் படுத்திருந்துட்டு வந்து மூணு வாரம் ஆகுது. கழுத்துக்கு எடுக்கிற கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ ஸ்கேன்.

இதை ஏன் பேசணும்னா, ஸ்கேனை விட அந்தச் சீட்டுதான் வீட்டைக் கலக்குது. டாக்டர் வெறும் "எம்.ஆர்.ஐ நெக்"னு எழுதினா அது ஒரு அளவு பயம். கூடவே "வித் கான்ட்ராஸ்ட்"னு சேர்ந்துட்டா வீட்ல யாரும் சத்தமா பேச மாட்டாங்க. எங்க அம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஏன்டா, இது கேன்சர் இருக்கானு பாக்கிறதுதானே?"னு கேட்டாங்க. போன எபிசோடுல இதை லேசா சொன்னதுக்கே, அதே கேள்வியோட நிறைய மெயில் வந்திருக்கு.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். கான்ட்ராஸ்ட்ங்கிறது தீர்ப்பு இல்ல, டாக்டர் கேக்கிற கூடுதல் கேள்வி. கழுத்துல சீழ் கட்டியிருக்கா, கட்டி இருந்தா அதோட எல்லை எதுவரைக்கும், ஏற்கனவே டிஸ்க் ஆபரேஷன் ஆனவங்களுக்கு மறுபடி வலி வந்தா அது பழைய தழும்பா இல்ல மறுபடி பிதுங்கின டிஸ்க்கா, தண்டுவடத்துல வீக்கம் இருக்கா, இப்படிப் பல காரணங்களுக்கு எழுதுவாங்க. கேன்சர் சந்தேகமும் அதுல ஒண்ணு, இல்லைன்னு சொல்லல. ஆனா அது ஒண்ணு மட்டும் இல்ல.

என் விஷயத்தையே எடுத்துக்கோங்க. காதுக்குக் கீழ, தாடை எலும்பு திரும்புற இடத்துல பரோட்டிட்னு ஒரு உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கு. அதுல ஒரு சின்ன கட்டி, நெல்லிக்காய் அளவு, வலி கிடையாது. ஊசியால செல் எடுத்துப் பாத்தாச்சு. ப்ளியோமார்ஃபிக் அடினோமா, அதாவது கேன்சர் இல்லாத கட்டி, ஆனா வருஷக்கணக்கா விட்டுட்டா சிலருக்கு மாறக்கூடும்ங்கிறதால எடுத்துடறது நல்லதுன்னு சொன்னாங்க. அதுக்கு அப்புறம்தான் கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ எழுதினாங்க. "அதான் ஊசியிலயே தெரிஞ்சிடுச்சே டாக்டர், இது எதுக்கு?"னு கேட்டேன். அவர் ஒரு பேப்பர்ல முகத்தை வரைஞ்சு காட்டினார். "தம்பி, கண்ணை மூடுறது, சிரிக்கிறது எல்லாத்துக்கும் ஒரே நரம்பு. அது இந்தச் சுரப்பிக்கு நடுவுல பூந்து போகுது. கட்டி நரம்புக்கு மேல இருக்கா, அடியில இருக்கானு தெரியாம நான் கத்தி வைக்க முடியாது." ஒரு பாட்காஸ்டருக்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

இப்ப மெஷினுக்கு வருவோம். பேர்லயே காந்தம் இருக்கு. ஆஸ்பத்திரிகள்ல பெரும்பாலும் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. 1.5 டெஸ்லான்னா பூமியோட காந்தப்புலத்தை விட சுமார் 30,000 மடங்கு. இதுக்கு சூப்பர்கண்டக்டர் கம்பிச் சுருள், அதைக் குளிர்விக்க திரவ ஹீலியம், மைனஸ் 269 டிகிரி. ரூமுக்குள்ள போனதும் 'சிக்... சிக்...'னு ஒரு பறவை மாதிரி சத்தம் கேக்குமே, அது ஹீலியத்தைக் குளிரா வச்சிருக்கிற பம்ப். ஸ்கேன் ஓடலேன்னாலும் அது கேக்கும், ஏன்னா அந்தக் காந்தத்துக்கு ஆஃப் ஸ்விட்ச்னு ஒண்ணு சாதாரணமா கிடையாது. ராத்திரி, ஞாயித்துக்கிழமை, ஆள் இல்லாத நேரம், எப்பவும் ஆன்தான். 2018 ஜனவரியில மும்பையில ஒரு ஆஸ்பத்திரியில ஆக்ஸிஜன் சிலிண்டரோட எம்.ஆர்.ஐ ரூமுக்குள்ள போனவர், மெஷின் இழுத்ததுல இறந்தே போனார். அவர் நோயாளி இல்ல, சொந்தக்காரரைப் பாக்க வந்தவர். துணைக்கு வர்றவங்களும் இதைத் தெரிஞ்சுக்கணும்.

காந்தம் என்ன செய்யுதுன்னா, நம்ம உடம்புத் தண்ணியில இருக்கிற ஹைட்ரஜன் அணுக்கள்ல ஒரு சின்னப் பங்கைத் தன் திசைக்கு வரிசைப்படுத்துது. அப்புறம் ரேடியோ அலையால அதைத் தட்டி விடுவாங்க. தட்டு வாங்கினது மறுபடி வரிசைக்கு வரும்போது சிக்னல் குடுக்கும், அதைப் பிடிச்சுத்தான் படம். 1.5 டெஸ்லாவுக்கு அந்த ரேடியோ அலை சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவுக்கு சுமார் 128. நம்ம எஃப்.எம் 88-லேர்ந்து 108 வரைக்கும், ரெண்டுக்கும் நடுவுல. வெளி ரேடியோ உள்ள வந்து படத்தைக் கெடுக்கக் கூடாதுன்னுதான் அந்த ரூமே உலோகத் தகடு பதிச்ச ஒரு பெட்டி. கதவு அவ்வளவு கனமா இருக்கிறது அதனாலதான். எக்ஸ்-ரே, சி.டி மாதிரி கதிர்வீச்சு இதுல இல்ல.

போறதுக்கு முன்னாடி ஒரு படிவம் குடுப்பாங்க. நம்ம ஊர்ல கூட வந்தவங்க வாங்கி, எல்லாத்துக்கும் "இல்ல, இல்ல"னு டிக் அடிச்சிட்டு கையெழுத்து போடுற வழக்கம் உண்டு. தயவுசெஞ்சு நீங்களே படிங்க. பேஸ்மேக்கர், காதுக்குள்ள வச்ச காக்லியர் இம்ப்ளான்ட், மூளை ரத்தக்குழாய்ல போட்ட கிளிப், இதுல எது இருந்தாலும் மாடல் பேரோட சொல்லணும். இப்ப வர்ற பேஸ்மேக்கர்கள்ல எம்.ஆர்.ஐ-க்கு ஏத்ததும் உண்டு, ஆனா அதைச் சரிபார்த்து, அதுக்கான முறையில செட் பண்ணித்தான் உள்ள விடுவாங்க.

அந்தப் படிவத்துல எனக்குப் பிடிச்ச கேள்வி: "கண்ணுல எப்பவாவது இரும்புத் துகள் பட்டிருக்கா?" ஐ.டி ஆளுங்களுக்கு இது விநோதமா இருக்கும். கோயம்புத்தூர் பக்கம் லேத் பட்டறையிலயோ, வெல்டிங், கிரைண்டிங் வேலையிலயோ இருந்தவங்க வீட்ல கேட்டுப் பாருங்க. "அதெல்லாம் அப்பப்ப படும், துடைச்சிட்டுப் போயிடுவோம்"னு சொல்வாங்க. அந்தத் துகள் இருபது வருஷமா கண்ணுக்குள்ள சும்மா இருந்திருக்கலாம். காந்தத்துக்குள்ள போனா அது நகரலாம், பார்வையே போகலாம். அதனால சந்தேகம் இருந்தா முதல்ல கண்ணுக்கு ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பாத்துட்டுத்தான் அனுப்புவாங்க. உங்க அப்பாவோ தாத்தாவோ பட்டறையில வேலை செஞ்சவர்னா, அவர் கேக்காமலே நீங்க சொல்லிடுங்க.

நகை விஷயம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. அப்ப ஏன் கழட்டச் சொல்றாங்கன்னா, அது மின்சாரத்தைக் கடத்தும், சூடாகலாம், சுத்தி இருக்கிற படத்தையும் கெடுக்கும். முட்டிக்கு ஸ்கேன்னா கூட பரவாயில்லைன்னு வாதாடலாம், கழுத்து ஸ்கேன்ல தாலிச் சங்கிலி சரியா படத்துக்கு நடுவுல வந்து உக்காந்திருக்கும். நான் காத்திட்டிருந்த ஹால்ல ஒரு அக்கா மஞ்சள் கயிறு கட்டிட்டே வந்திருந்தாங்க. "முந்தாநாளே மாத்திட்டேன், இங்க வந்து கழட்டச் சொன்னா மனசு கேக்காது"ன்னாங்க. நல்ல ஏற்பாடு. கயிறுல உலோகக் கொக்கியோ குண்டுமணியோ இல்லாம இருக்கணும், அவ்வளவுதான். நகையை விட ஆபத்தானது புடவையில குத்தின ஊக்கும், தலையில இருக்கிற ஹேர்பின்னும். அது ரெண்டும் இரும்பு. தாயத்து, வெள்ளி அரைஞாண், மெட்டி, கேட்கும் கருவி, கழட்டி மாட்டுற பல் செட் எல்லாம் வெளியே. நிலையா அடைச்ச பல், கேப் இருந்தா பயம் இல்ல, ஆனா தாடை பக்கத்துல படம் கொஞ்சம் சிதையும்ங்கிறதால டெக்னீஷியன்கிட்ட சொல்லிடுங்க. கண்மை வேண்டாம், சிலதுல இரும்பு ஆக்ஸைடு இருக்கு. போன், ஏ.டி.எம் கார்டு உள்ள போனா அதோட கதை முடிஞ்சுது.

கான்ட்ராஸ்ட்ங்கிறதால ரத்தத்துல கிரியேட்டினின் பாக்கச் சொல்வாங்க. சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிய. ஏன்னு கொஞ்சம் கழிச்சு சொல்றேன். சாப்பாடு விஷயத்துல சென்டருக்கு சென்டர் வித்தியாசம், பல இடங்கள்ல நாலு மணி நேரம் வெறும் வயிறுன்னு சொல்வாங்க. சர்க்கரை மாத்திரை போடுறவங்க அன்னிக்கு என்ன செய்யணும்னு முதல் நாளே கேட்டுக்கோங்க, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க.

சரி, உள்ள போறோம். ஒரு சிஸ்டர் முழங்கை மடிப்புல சின்ன ஊசி போட்டு ஐ.வி லைன் வைப்பாங்க. மருந்து அப்பவே ஏறாது. மெஷின் டேபிள்ல மல்லாந்து படுக்கச் சொல்லி, காதுக்கு அடைப்பான் குடுத்து, தலையிலேர்ந்து தோள் வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் கூண்டு மாட்டுவாங்க. கிரிக்கெட் ஹெல்மெட்டும் விக்கெட் கீப்பர் வலையும் சேர்ந்த மாதிரி இருக்கும். அதுதான் ஆன்டெனா. கழுத்துக்கு எவ்வளவு பக்கத்துல இருக்கோ அவ்வளவு நல்ல சிக்னல், அதனால நெருக்கமாத்தான் இருக்கும். அப்புறம் தலை முதல்ல உள்ள போகும். சுரங்கத்தோட விட்டம் 60 அல்லது 70 சென்டிமீட்டர். கால் முட்டிக்கு ஸ்கேன்னா தலை பெரும்பாலும் வெளியே இருக்கும், நமக்கு அந்தச் சலுகை இல்ல.

மூடின இடம்னா பயம் இருக்கிறவங்களுக்கு என் யோசனை ஒண்ணுதான்: டேபிள் நகர்றதுக்கு முன்னாடியே கண்ணை மூடிடுங்க, வெளியே வர்ற வரைக்கும் திறக்காதீங்க. சுரங்கத்தைப் பாக்கலேன்னா மூளைக்கு அது சுரங்கம்னு தெரியாது. ஒரு சின்னத் துணியைக் கண்ணு மேல போடச் சொன்னாலும் போடுவாங்க. கையில ஒரு ரப்பர் பந்து குடுப்பாங்க, அமுக்கினா உடனே நிறுத்திடுவாங்க. அதை அமுக்கினா மானம் போயிடும்னு யாரும் நினைக்க வேண்டாம், அது அதுக்குத்தான் இருக்கு. ரொம்ப முடியாதுன்னா லேசா மயக்க மருந்து குடுப்பாங்க, ஆனா அதை அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லணும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். இன்னொண்ணு, கையைக் கோத்து வயித்து மேல வைக்காதீங்க. தோலும் தோலும் தொட்டு ஒரு வளையம் உருவானா அதுல மின்சாரம் ஓடி சுடலாம். டெக்னீஷியன் நடுவுல துணி வைப்பார்.

அப்புறம் சத்தம். முதல்ல டக் டக், அப்புறம் ரோடு உடைக்கிற டிரில், அப்புறம் பழைய ஃபேக்ஸ் மெஷின், நடுநடுவுல ஒண்ணுமே இல்லாத ஒரு நிமிஷ அமைதி. காதடைப்பான் இல்லேன்னா 100 டெசிபலைத் தாண்டும். இதுல பயப்பட ஒண்ணும் இல்ல, இது ஒரு ஸ்பீக்கர்தான். உங்க இயர்போன்ல காந்தத்துக்குள்ள ஒரு கம்பிச் சுருள், அதுல மின்சாரம் மாற மாற சுருள் அதிருது, சத்தம் வருது. எம்.ஆர்.ஐ-லயும் பெரிய காந்தத்துக்குள்ள கிரேடியன்ட் சுருள்கள் இருக்கு, சிக்னல் உடம்புல எந்த இடத்துலேர்ந்து வருதுன்னு பிரிச்சுக் காட்டுறது அதுதான். அதுல மின்சாரத்தை வேகமா மாத்தும்போது மெஷினே அதிருது. நீங்க ஒரு பிரம்மாண்டமான ஸ்பீக்கருக்குள்ள படுத்திருக்கீங்க, பாட்டுதான் சரியில்ல.

கழுத்து ஸ்கேன்ல உண்மையான கஷ்டம் இருட்டோ சத்தமோ இல்ல, எச்சில். "சத்தம் வரும்போது முழுங்காதீங்க சார், சத்தம் நின்னதும் முழுங்கிக்கோங்க"ன்னு டெக்னீஷியன் அண்ணா சொன்னார். சொன்ன நிமிஷத்துலேர்ந்து வாயில ஊத்துது. ஒரு தடவை முழுங்கினா என்ன ஆயிடும்னு உங்களுக்குத் தோணும். இன்ஜினியரிங் படிச்சவங்க மூணாவது செமஸ்டரை ஞாபகப்படுத்திக்கோங்க. எம்.ஆர்.ஐ, கேமரா மாதிரி புள்ளி புள்ளியா படம் எடுக்கல. படத்தோட அலைவரிசைகளை வரிவரியா சேகரிச்சு, கடைசியில ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் போட்டுப் படமாக்குது. அதாவது ஒவ்வொரு வரியிலயும் மொத்தப் படத்தோட தகவலும் கொஞ்சம் இருக்கு. அதனால நடுவுல ஒரு வினாடி தொண்டை அசைஞ்சா, தொண்டை மட்டும் மங்கலாகாது, படம் முழுக்க நிழல் நிழலா கோடு விழும். அந்த நாலஞ்சு நிமிஷத்தையும் திரும்ப எடுக்கணும். அதனால ஒவ்வொரு இடைவெளியிலயும் முழுங்கி, மூச்சை ஆழமா இழுத்து, அடுத்த சத்தத்துக்குத் தயாரா இருங்க. மூச்சு மூக்கு வழியா, சாதாரணமா.

பாதிக்கு மேல ஓடினதும் டேபிள் வெளியே வரும். முடிஞ்சுதுன்னு எழுந்துடாதீங்க. இப்பதான் கான்ட்ராஸ்ட். தலையை ஒரு துளி கூட அசைக்காம கையை மட்டும் குடுங்க. ஏன் அசையக் கூடாதுன்னா, இது கோடு எழுதுறவங்களுக்குப் பழக்கமான விஷயம்: டிஃப். மருந்துக்கு முன்னாடி ஒரு வெர்ஷன், பின்னாடி ஒரு வெர்ஷன், ரெண்டையும் பக்கத்துல வச்சு எது மாறியிருக்குன்னு ரேடியாலஜிஸ்ட் பாக்கிறார். நடுவுல நீங்க திரும்பிட்டா எல்லா வரியும் மாறின மாதிரி தெரியும்.

மருந்தோட பேர் கடோலினியம். பலரும் சாயம்னு சொல்வாங்க, ஆனா இது எதுக்கும் நிறம் பூசல. கடோலினியம் அயனியில ஜோடி சேராத ஏழு எலக்ட்ரான் இருக்கு, அது ஒரு குட்டிக் காந்தம். தன் பக்கத்துல இருக்கிற தண்ணியோட ஹைட்ரஜனைச் சீக்கிரமா வரிசைக்குத் திரும்ப வைக்குது. சீக்கிரம் திரும்பினா சிக்னல் அதிகம், படத்துல பளிச். நாம பாக்கிறது கடோலினியத்தை இல்ல, அது பக்கத்துல இருக்கிற தண்ணியை. ரத்தம் அதிகமா ஓடுற இடம், வீக்கம் இருக்கிற இடம், ரத்தக்குழாய் கசியுற இடம் எல்லாம் வெளிச்சமாகும். கழுத்துல ஒரு சிக்கல், கொழுப்பும் அதே மாதிரி பளிச்சுன்னுதான் தெரியும். அதனால கொழுப்போட சிக்னலை மட்டும் அமுக்கிட்டு மறுபடி எடுப்பாங்க.

அளவு பெருசா இல்ல, 60 கிலோ ஆளுக்கு மருந்தோட வகையைப் பொறுத்து 6-லேர்ந்து 12 மில்லி. எனக்குத் தெரிஞ்சது கை வழியா ஏறின ஒரு ஜில்லுன்ற உணர்வு மட்டும். சிலருக்கு வாயில இரும்பு ருசி, லேசா குமட்டல் வரும், ஒரு நிமிஷத்துல போயிடும். சி.டி ஸ்கேனுக்குப் போடுற அயோடின் மருந்துல உடம்பே கொதிக்கிற மாதிரி, யூரின் வந்துட்ட மாதிரி இருக்கும்னு சொல்வாங்களே, அது வேற மருந்து. இதுல ஒவ்வாமை அதைவிடக் குறைவு. ஆனாலும் அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல்னா பந்தை அமுக்குங்க. ஊசி போட்ட இடத்துல வலிச்சு வீங்கினாலும் சொல்லுங்க, மருந்து நரம்புக்கு வெளியே கசியலாம். முன்னாடி கான்ட்ராஸ்ட் ஊசிக்கு ஒவ்வாமை வந்திருந்தா, ஆஸ்துமா இருந்தா, கர்ப்பமா இருந்தா, கண்டிப்பா முன்கூட்டியே சொல்லணும்.

இப்ப அந்த கிரியேட்டினின். கடோலினியம் தனியா இருந்தா விஷம். அதனால ஒரு மூலக்கூறு கூண்டுல அடைச்சுத்தான் குடுக்கிறாங்க, 1988-ல முதல் மருந்துக்கு அனுமதி கிடைச்சதுலேர்ந்து அப்படித்தான். சிறுநீரகம் நல்லா இருந்தா ஒரு நாளைக்குள்ள பெரும்பகுதி யூரின்ல போயிடும். சிறுநீரகம் ரொம்பப் பழுதானவங்களுக்கு அது உள்ளயே தங்கி, தோலும் உறுப்புகளும் இறுகிப்போற ஒரு கொடிய நோய் வர்றதா 2006 வாக்குல கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் விதிமுறைகள் மாறிச்சு. அந்தக் கூண்டுல ரெண்டு வகை. நீளவாக்குல சுத்திப் பிடிக்கிறது ஒண்ணு, மோதிரம் மாதிரி மூடிப் பிடிக்கிறது இன்னொண்ணு. மோதிர வகை விட்டுக் கழலாது. நீள வகையில சில மருந்துகளை 2017-ல ஐரோப்பிய மருந்து முகமை நிறுத்தி வைக்கச் சொன்னது, மூளையில கொஞ்சம் படிஞ்சு தங்குதுன்னு தெரிஞ்சதால. அந்தப் படிவால மூளைக்குக் கெடுதல் நடந்ததா நிரூபணம் ஆகல, ஆனா நல்ல மாற்று இருக்கும்போது எதுக்குன்னுதான். "எனக்குப் போடுறது மேக்ரோசைக்ளிக்கா?"னு நீங்க கேக்கலாம், அது அதிகப்பிரசங்கித்தனம் இல்ல. நான் கேட்டேன், பாட்டில் லேபிளையே காட்டினாங்க.

மருந்துக்கு அப்புறம் இன்னும் பத்துப் பதினஞ்சு நிமிஷம். மொத்தமா முக்கால் மணியிலேர்ந்து ஒரு மணி நேரம். வெளியே வந்து கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லிட்டு ஊசியை எடுப்பாங்க. அப்புறம் காபி, டிபன், ஆபீஸ் எல்லாம் வழக்கம் போல.

ரிப்போர்ட் கையில வந்ததும் கூகுள்ல போடுவோம், போட வேண்டாம்னு சொன்னாலும் போடுவோம். அதனால ஒரு வார்த்தையை மட்டும் விளக்கிடறேன்: "என்ஹான்ஸ்மென்ட்". மருந்துக்கு அப்புறம் வெளிச்சமாச்சுங்கிறது மட்டும்தான் அதுக்கு அர்த்தம். தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, மூக்கு உள்தோல், ரத்தக்குழாய் எல்லாம் ஆரோக்கியமா இருக்கும்போதே வெளிச்சமாகும். நிணநீர் முடிச்சு இருக்குன்னு எழுதியிருந்தாலும் அப்படித்தான், கழுத்துல எல்லாருக்குமே நூத்துக்கணக்குல இருக்கு. ஒரு சளி பிடிச்சாலே கொஞ்சம் பெருசாகும். அளவு, வடிவம், ஓரம், எல்லாத்தையும் சேர்த்துப் பாத்துத்தான் முடிவு சொல்வாங்க. நான் டாக்டர் இல்ல, இதை வச்சு உங்க ரிப்போர்ட்டை நீங்களே படிச்சு முடிவு கட்டாதீங்க, டாக்டர்கிட்ட போற வரைக்கும் தூக்கத்தைக் கெடுத்துக்காம இருக்க இது உதவும், அவ்வளவுதான்.

என் ரிப்போர்ட்ல ஒரு அழகான விஷயம் இருந்தது. முக நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ள ரொம்ப மெல்லிசு, சாதாரண எம்.ஆர்.ஐ-ல நேரடியா சரியா தெரியாது. ஆனா அதுக்குப் பக்கத்துலயே ஒரு ரத்தக்குழாய் போகுது, அது நல்லாத் தெரியும். அதை அடையாளமா வச்சு நரம்பு இங்கதான் போகும்னு கணக்கு போடுறாங்க. என் கட்டி அந்தக் கோட்டுக்கு மேல் பக்கம், வெளிப்புறமா இருக்கு. சர்ஜன் படத்தை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "இது நமக்கு வசதியான இடம்"னார். ஆனாலும் சில வாரத்துக்கு முகத்துல ஒரு பக்கம் பலவீனமா இருக்கலாம்னு சொல்லியிருக்கார். தேதி அடுத்த மாசம். அதனால ரெண்டு எபிசோடு முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வச்சிடறேன், உதடு ஒத்துழைக்கலேன்னா கொஞ்ச நாள் நீங்க பழைய எபிசோடுகளைக் கேளுங்க.

கடைசியா ஒண்ணு. ஸ்கேன் சென்டர்ல ஃபிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க, சி.டி-யோ டவுன்லோட் லிங்கோ கேட்டு வாங்குங்க. ஃபிலிம்ல தேர்ந்தெடுத்த சில படம்தான் இருக்கும், மொத்தம் நூத்துக்கணக்குல எடுத்திருப்பாங்க. இன்னொரு டாக்டர்கிட்ட ரெண்டாவது கருத்து கேக்கப் போனா அவர் கேக்கிறது அதைத்தான். லிங்க் கொஞ்ச நாள்ல காலாவதி ஆகிடலாம். வீட்டுக்கு வந்த அன்னிக்கே ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க.